ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (சனவரி 4, 1892 - சனவரி 30, 1960) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியல் பேராசிரியர், காந்தியவாதி. இயற்கை வளங்களைத் தீர்த்துவிடாமல் பொருட்களை உருவாக்கும் வழிகளை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ஆவார்.

வாழ்க்கை

தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டனில் கணக்காய்வு பயின்று பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் சிராக்கியூசு, கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பைக் கொலம்பியாவில் ஆராய்ந்தது அவரது வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. 1929 இல் காந்தியைச் சந்தித்தார். குசராத்து வித்யாபீடத்தில் பேராசிரியராகி, மாணவர்களுடன் மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆய்வு செய்தார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார்.

கிராமத் தொழில் ஆய்வுகள்

1934 இல் அனைத்திந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவிலுள்ள மகன்வாடியில் கையால் காகிதம் செய்தல், செக்கில் எண்ணெய் ஆட்டுதல், நெல் குற்றுதல் முதலிய தொழில்களில் ஆய்வும் பயிற்சியும் நடைபெற்றன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கு உருவாக்கப்பட்டது. மண்ணெண்ணெய் நிலத்தடியிலிருந்து ஒருமுறை எடுத்தால் தீர்ந்துவிடும். எண்ணெய் வித்தோ ஆண்டுதோறும் விளையும் என்பதே இதன் அடிப்படை.

கோட்பாடு

சிறையில் எழுதி 1945 இல் வெளியான, நிலைத்த பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூலில் வளங்களை இரண்டாகப் பகுத்தார். நிலக்கரி, கன்னெய், இரும்பு முதலியவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு வளங்கள். மரம், பயிர், நீரோட்டம் போன்றவை இயற்கை மீண்டும் மீண்டும் தரும் ஓட்ட வளங்கள். இருப்பு வளங்களைச் சார்ந்த பொருளாதாரம் அவற்றுக்கான போட்டியையும் போரையும் வளர்க்கும் என்பது அவர் முடிவு. பெருந்தொழில்மயத்தை விரும்பிய அக்காலத் திட்டமிடுவோர் பலர் இதனை ஏற்கவில்லை.

இறுதிக்காலம்

காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 1949 இல் வெளியானது. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்தின் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். மானாவாரிப் பயிரை நம்பி வாழும் கரிசல் பகுதிக்கு, உள்ளூரில் விளையும் பொருளைக் கொண்டு உள்ளூரிலேயே தொழில் செய்யும் அவரது வழி நெருக்கமானதாக இருந்தது. காந்தியின் நினைவுநாளான சனவரி 30 அன்று மதுரையில் காலமானார்.

1970களில் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்ட பின் வளங்களின் எல்லை பற்றிய விவாதம் உலகெங்கும் பரவியது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்கேள்வியை எழுப்பியவராகக் குமரப்பா மதிக்கப்படுகிறார்.