மண் வீட்டில் பிறந்த நடன இசை மன்னர்

ஒரு குடியானவர் மகன் தன் தகப்பனாரிடம் ஒரு வாத்தியம் வாங்கித் தரும்படி கேட்டான். அதன் விலை 400 டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. தகப்பனார் யோசித்தார். கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

மகனுக்கு 21 வயது ஆகும் வரை அவன் வீட்டை விட்டுப் போகக் கூடாது. வயலில் உழைக்க வேண்டும். வெளியே போய் வாசித்துச் சம்பாதித்தாலும், அந்தப் பணத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

மகன் ஒப்புக்கொண்டான். கொடுத்த வாக்கைக் கடைசி நாள் வரை காப்பாற்றினான்.

அந்த மகன்தான் லாரன்ஸ் வெல்க். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 21 வயது வரை ஆங்கிலம் பேசத் தெரியாதவர். ஆனால் பிற்காலத்தில் அவருடைய நடன இசையைக் கேட்க, அமெரிக்கா முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் சனிக்கிழமை இரவுகளில் டெலிவிஷன் முன் காத்திருந்தன. அவருடைய கோஷ்டி 50 ஆண்டுகளுக்கு மேல் வாசித்தது.

கவிழ்த்த வண்டியே வீடு

லாரன்சின் தகப்பனார் லுட்விக் வெல்க். தாயார் கிறிஸ்டியானா. இருவரும் ஜெர்மன் இனத்தவர்கள். ஆனால் பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில் அல்ல. கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெஸ்ஸா பக்கத்தில், அந்த நாளில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த பகுதியில் வாழ்ந்தவர்கள். 1892-ம் ஆண்டு அவர்கள் கடல் கடந்து அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வடக்கு டகோட்டா. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. வீடு கட்ட மரம் கிடைப்பது அரிது. குளிர்காலம் வந்தால் பனி கொட்டும். காற்று எலும்பைத் துளைக்கும். முதல் குளிர்காலத்தில் அவர்கள் தாங்கள் வந்த வண்டியையே கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் புல்லோடு வெட்டிய மண் கட்டிகளை அடுக்கி, அதற்குள் வாழ்ந்தார்கள்! பிறகு மண்ணால் ஒரு வீடு கட்டினார்கள்.

அந்தப் பண்ணையில் 1903-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி லாரன்ஸ் பிறந்தான். எட்டுக் குழந்தைகளில் அவன் ஆறாவது. பக்கத்து ஊர் ஸ்ட்ராஸ்பர்க். அங்கே வீட்டிலும், மாதா கோவிலிலும் ஜெர்மன் மொழியே பேசினார்கள். அதனால் அமெரிக்காவில் பிறந்தும் அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை.

நோய் தந்த வாத்தியம்

லாரன்சுக்கு 11 வயது இருக்கும். குடல்வால் வீங்கி உடைந்துவிட்டது. அந்த நாளில் அது உயிரைக் குடிக்கும் நோய். பிஸ்மார்க் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்தான நிலையிலிருந்து பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் உடம்பு தேறுவதற்கு வெகுகாலம் ஆயிற்று. அதன் பிறகு அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை.

படுக்கையில் கிடந்த பையனுக்குத் துணையாக இருந்தது, தகப்பனாரின் பழைய அக்கார்டியன். நம் ஆர்மோனியப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டது போன்ற வாத்தியம் அது. இடது கையால் துருத்தியை விரித்துச் சுருக்கிக்கொண்டே, விரல்களால் கட்டைகளை அழுத்தி வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் இல்லாவிட்டால் களை கட்டாது.

உடம்பு தேறிய பிறகு லாரன்ஸ் கல்யாணங்களிலும், தானியக் களஞ்சியங்களில் நடக்கும் நடனங்களிலும் வாசிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் நல்ல வாத்தியத்தின் மேல் ஆசை வந்தது. தபால் மூலம் வரவழைத்த அந்த 400 டாலர் அக்கார்டியனுக்காக, உழவும் அறுவடையுமாக ஆண்டுகளைக் கழித்தான்.

1924-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி அவனுக்கு 21 வயது ஆயிற்று. அன்றே புறப்பட்டுவிட்டான். மகன் பண்ணையில் இருக்க வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். பாட்டும் கூத்தும் சோறு போடும் என்று அவர் நம்பவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவர் தடுக்கவில்லை.

ஊர் ஊராகப் பிழைப்பு

அந்த நாளில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் சிறு சிறு நடன இசைக் கோஷ்டிகள் ஏராளம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம் உண்டு. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். சனிக்கிழமை இரவு குடியானவர்களும் கடைக்காரர்களும் குடும்பத்தோடு நடன மண்டபத்துக்கு வருவார்கள். கோஷ்டி நடுநிசி வரை வாசிக்கும். வாத்தியங்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக அடுத்த ஊருக்கு ஓடும்.

வெல்க் முதலில் பிறருடைய கோஷ்டிகளில் சேர்ந்து வாசித்தார். அவர்களில் ஜார்ஜ் கெல்லி என்பவரிடம் தொழிலின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டார். நன்றாக வாசித்தால் மட்டும் போதாது. ஜனங்களைச் சிரிக்கவும் வைக்க வேண்டும், வேஷம் கட்ட வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதெல்லாம் கெல்லியிடம் படித்த பாடம்.

பிறகு சொந்தக் கோஷ்டி அமைத்தார். 1927-ம் ஆண்டு தென் டகோட்டாவில் உள்ள யாங்க்டன் என்ற ஊரின் ரேடியோ நிலையத்தில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. டபிள்யூ.என்.ஏ.எக்ஸ். என்பது அந்த நிலையத்தின் பெயர். சுற்றிலும் பல மாகாணங்களில் உள்ள பண்ணை வீடுகளில் அதைக் கேட்டார்கள். ரேடியோவில் கேட்டவர்கள் நேரில் பார்க்க ஆசைப்பட்டார்கள். நடன மண்டபங்களிலிருந்து அழைப்பு வந்தது. 1936-ம் ஆண்டு வரை அந்த ரேடியோவோடு அவருக்குத் தொடர்பு இருந்தது.

யாங்க்டனில்தான் பெர்ன் ரென்னர் என்ற நர்சைச் சந்தித்தார். 1931-ம் ஆண்டு இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பெண்களும் ஒரு பையனும் பிறந்தார்கள். கடைசி வரை அந்த அம்மையார் அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

விட்டுப் போன கூட்டாளிகள்

பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பேரிடி விழுந்தது. தென் டகோட்டாவில் ஒரு சிற்றூரில், கோஷ்டியில் இருந்தவர்கள் ஒன்றுகூடி வெல்க்கை விட்டுப் போய்விட்டார்கள். அவருடைய ஆங்கிலம் கொச்சையாக இருக்கிறது, மேடையில் குதித்துக் குதித்து வாசிப்பது பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, இவரோடு இருந்தால் நாம் முன்னுக்கு வர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இது வெல்க்கின் மனத்தைச் சுட்டது. அவர் பேசினாலே ஜெர்மன் வாடை அடிக்கும். அது அவருக்கும் தெரியும். அதனால் பல காலம் மேடையில் வாய் திறக்கவே கூசினார். ஆனால் வாத்தியத்தைக் கீழே வைக்கவில்லை. புதிய ஆட்களைச் சேர்த்தார். மறுபடியும் சாலையில் இறங்கினார்.

1938-ம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில், வில்லியம் பென் என்ற பெரிய ஹோட்டலில் அவருடைய கோஷ்டி வாசித்தது. அந்த இசை நுரைத்துப் பொங்கும் ஷாம்பேன் போல லேசாகத் துள்ளுகிறது என்று கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஷாம்பேன் என்பது பிரான்ஸ் தேசத்துத் திராட்சை மது. அன்று முதல் "ஷாம்பேன் இசை" என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1940-களில் சிக்காகோவின் புகழ்பெற்ற ட்ரையனான் நடன மண்டபத்தில் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்.

அவர் இசையில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். தாளம் தடுமாறக் கூடாது. நாள் முழுவதும் வயலிலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு வந்தவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தப்பில்லாமல் அடியெடுத்து வைக்க வேண்டும். இதுதான் அவருடைய இலக்கணம். சங்கீத விமர்சகர்கள் இதைக் கேலி செய்தார்கள். ஜனங்கள் ஆடினார்கள்.

தன்னைவிடக் கெட்டிக்காரர்

1950-ம் ஆண்டு செயின்ட் லூயி நகரில் ஒரு சம்பவம். மைரன் ப்ளோரன் என்ற அக்கார்டியன் வாத்தியக்காரர் நடனம் பார்க்க வந்திருந்தார். வெல்க் அவரை மேடைக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார். ப்ளோரன் வாசித்து முடித்ததும் மண்டபமே அதிர்ந்தது. வெல்க் தோல்வியை ஒப்புக்கொள்வது போல வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினார்!

அவரை வேலைக்கு எடுக்கப் போவதாக வெல்க் சொன்னபோது, மானேஜர் எச்சரித்தார். அந்த ஆள் உங்களைவிட நன்றாக வாசிக்கிறாரே என்றார். அப்படிப்பட்டவர்களைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன் என்று வெல்க் பதில் சொன்னாராம். ப்ளோரன் 32 ஆண்டுகள், கோஷ்டி கலையும் வரை, கூடவே இருந்தார்.

சனிக்கிழமை இரவு

1951-ம் ஆண்டு கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தது. கடற்கரையில் உள்ள அரகான் நடன மண்டபத்தில் வாசித்தது. அந்த ஊர் டெலிவிஷன் அதை ஒளிபரப்பியது. நல்ல வரவேற்பு. 1955-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி முதல் ஏ.பி.சி. கம்பெனி அந்த நிகழ்ச்சியை நாடெங்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. 52 வயதில் வெல்க் நாடறிந்தவர் ஆனார்.

போல்கா, வால்ட்ஸ் நடனங்கள், பக்திப் பாட்டு, பழைய பாட்டு எல்லாம் அதில் உண்டு. தாத்தாவும் பேத்தியும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் வெல்க் சபையில் இறங்கி, அங்கே வந்திருக்கும் பெண்மணிகளோடு ஆடுவார். முன்பு கூட்டாளிகள் வெட்கப்பட்ட அதே கொச்சை ஆங்கிலம், இப்போது ஜனங்கள் ஆசையோடு கேட்கும் பேச்சாகிவிட்டது.

1961-ம் ஆண்டு அவர் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? "கல்கத்தா!" மெட்டு அமைத்தவர் ஹைனோ காட்சே என்ற ஜெர்மானியர். நம் நாட்டு நகரத்தின் பெயர்தான் உண்டே தவிர, நம் நாட்டு இசை அதில் கிடையாது.

கண்டிப்பும் கசப்பும்

வெல்க் கண்டிப்பானவர். பண்ணையில் தகப்பனார் எப்படியோ, கோஷ்டியில் இவர் அப்படி. சம்பளம் சங்கம் நிர்ணயித்த அளவுதான். அதற்கு மேல் லாபத்தில் பங்கு கொடுத்தார்.

இந்தக் கண்டிப்பு சில சமயம் அளவு மீறியது. 1959-ம் ஆண்டு ஆலிஸ் லான் என்ற பாடகி, டெலிவிஷனில் முழங்கால் தெரிய உட்கார்ந்தார் என்ற காரணத்துக்காக நீக்கப்பட்டதாகச் செய்தி பரவியது. ரசிகர்கள் கோபம் கொண்டு கடிதம் எழுதினார்கள். வெல்க் அவரைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். அந்த அம்மையார் வரவில்லை. ஜாஸ் இசையில் வல்லவரான பீட் பவுண்டன் என்பவரும் அதே ஆண்டு வெளியேறினார். அவருடைய கற்பனைக்கு அங்கே இடம் போதவில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. கறுப்பின மக்களுக்கு அமெரிக்க டெலிவிஷனில் நிரந்தர இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், 1964-ம் ஆண்டு ஆர்தர் டங்கன் என்ற கறுப்பின நடனக் கலைஞரை வெல்க் தம் குழுவில் சேர்த்தார். கடைசி வரை அவரை வைத்துக்கொண்டார்.

வயதானவர்கள் வேண்டாமாம்!

1971-ம் ஆண்டு ஏ.பி.சி. கம்பெனி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. பார்ப்பவர்கள் இல்லாமல் அல்ல. பார்ப்பவர்கள் வயதானவர்கள், கிராமத்தார். விளம்பரக்காரர்களுக்கோ வாலிபர்கள்தான் தேவை. இதுவே காரணம்.

அப்போது வெல்க்குக்கு 68 வயது. பணத்துக்குக் குறைவில்லை. வீட்டோடு இருந்திருக்கலாம். ஆனால் தங்களைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டார்களே என்று கடிதம் எழுதிய அந்த முதியவர்களை அவர் கைவிட விரும்பவில்லை. பெரிய கம்பெனி இல்லாவிட்டால் என்ன? ஒவ்வோர் ஊர் நிலையத்தோடும் தனித்தனியாக ஏற்பாடு செய்தார். இளமையில் ஊர் ஊராகப் போய் மண்டபம் பிடித்தவர் அல்லவா? 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டன. மேலும் 11 ஆண்டுகள் அது நடந்தது.

1982-ம் ஆண்டு வெல்க் ஓய்வு பெற்றார். 1987-ம் ஆண்டு முதல் பழைய நிகழ்ச்சிகளைப் பொது டெலிவிஷன் நிலையங்கள் மறு ஒளிபரப்புச் செய்தன. அவற்றையும் ஜனங்கள் விரும்பிப் பார்த்தார்கள்.

1992-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி, கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரில் நிமோனியா நோயால் வெல்க் காலமானார். அப்போது அவருக்கு வயது 89.

பட்டிக்காட்டான் என்று பலரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் அதை மறுத்ததே இல்லை. உழைத்துக் களைத்த மக்களுக்கு வாரத்தில் ஓர் இரவாவது சந்தோஷம் வேண்டும் என்பது, அந்த மண் வீட்டில் பிறந்தவருக்கு நன்றாகத் தெரியும். ஆயுள் முழுவதும் அவர்களுக்காகவே வாசித்தார்.