வினவி வாழ்ந்தவர்

ஏதென்ஸ் நகரில் கல்தச்சர் ஒருவருக்கும் மருத்துவச்சி ஒருவருக்கும் மகனாகக் கி.மு. 470ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் சாக்ரடீஸ். தாய் பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்றது போலத் தாம் பிறர் உள்ளத்துக் கருத்துகள் பிறக்கத் துணைநிற்பதாக அவர் கூறிக்கொள்வதுண்டு. பொடிடேயா, டெலியம் ஆகிய போர்க்களங்களில் காலாட்படை வீரராகத் துணிவுடன் நின்றார். வெறுங்காலுடன் அங்காடியில் உலவி, எதிர்ப்பட்டோரிடமெல்லாம் வீரம் யாது, நீதி யாது என்று வினவினார். நூலொன்றும் எழுதவில்லை; அவரைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி, மாணாக்கர் பிளேட்டோவும் செனபோனும் எழுதிவைத்தவையே.

அக்காலக் கிரேக்கச் சமயத்திற்கு மறைநூல் இல்லை. வேள்வியும் விழாவும் வேண்டுதலுமே வழிபாடு. கடவுளரைப் பற்றி மக்கள் அறிந்தவை ஹோமர், ஹெசியட் ஆகிய புலவர்கள் பாடிய கதைகள். அக்கதைகளில் கடவுளர் தம்முள் பூசலிட்டனர். சூஸ் தன் தந்தையையே விலங்கிட்டான். இத்தகைய கடவுளரிடமிருந்து அறத்தைக் கற்பது எவ்வாறு?

பிளேட்டோ படைத்த உரையாடல் ஒன்று இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. தம்மீது தொடுக்கப்பட்ட வழக்கின்பொருட்டு மன்றத்திற்கு வந்த சாக்ரடீஸ், அங்கே யூதிப்ரோ என்னும் குறிசொல்வோனைக் காண்கிறார். அவன் தன் தந்தைமீதே கொலைக்குற்றம் சாட்ட வந்திருக்கிறான். அடிமை ஒருவனைக் கொன்ற கூலியாளைத் தந்தை கட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட, அவன் பசியிலும் குளிரிலும் மாண்டான். தந்தையை மன்றில் நிறுத்துவதே தெய்வத்திற்கு உகந்தது என்பது யூதிப்ரோவின் உறுதி. சூஸின் கதையை அதற்குச் சான்றாகக் காட்டுகிறான்.

சாக்ரடீஸ் அவ்வுறுதியை அசைக்கிறார். நற்செயல் நல்லது என்பதால் தெய்வங்கள் அதனை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால்தான் அது நல்லதாகிறதா? பின்னது உண்மையாயின், தெய்வத்தின் விருப்பம் மாறும்போது அறமும் மாறிவிடும். முன்னது உண்மையாயின், அறத்திற்குத் தனி இயல்பு உண்டு. மனிதர் அதனை ஆராய்ந்தே அறியவேண்டும். விடை கிட்டுமுன் யூதிப்ரோ அலுவல் இருப்பதாகக் கூறி விரைகிறான். இருபத்து நான்கு நூற்றாண்டுகளாகச் சமயச் சான்றோரும் மெய்யியலாளரும் அவ்வினாவோடு போராடி வருகின்றனர்.

சாக்ரடீஸுக்கு அது சொல்விளையாட்டன்று. கி.மு. 406இல், கடற்போரில் வென்றும் தத்தளித்த வீரர்களை மீட்கத் தவறிய தளபதியரை ஒருசேர விசாரித்துக் கொல்ல மக்கள் கொதித்தெழுந்தனர். அவையில் பொறுப்பிலிருந்த அவர், அது சட்டத்திற்குப் புறம்பானது என்று மறுத்து நின்றார். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், லியோன் என்பவரைப் பிடித்துவர ஐவரை ஏவினர். நால்வர் சென்றனர், சாக்ரடீஸ் வீடு திரும்பினார். மக்களாட்சிக்கும் கொடுங்கோலுக்கும் அவர் தந்த மறுமொழி ஒன்றே.

கி.மு. 399இல் அவர்மீது வழக்கு எழுந்தது. நகரத்துக் கடவுளரை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்தினார், இளைஞரைக் கெடுத்தார் என்பன குற்றங்கள். முப்பதின்மருள் ஒருவனான கிரிட்டியாஸ் அவரோடு பழகியவன் என்பதையும் நகரம் மறந்திருக்கவில்லை. அவரோ வேள்வி செய்தவர். தீச்செயலினின்று தம்மைத் தடுக்கும் தெய்வக் குரலொன்று தமக்கு உண்டென நம்பியவர். 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார். தண்டனையைத் தாமே முன்மொழியும் வாய்ப்பு வந்தபோது, நகரத்தின் செலவில் உணவளித்துத் தம்மைப் போற்றுவதே தகும் என்றார். நடுவர்கள் சினந்ததில் வியப்பில்லை. மரணத் தண்டனை உறுதியாயிற்று.

நண்பர் கிரிட்டோ சிறையிலிருந்து தப்ப வழிசெய்தார். வாழ்நாளெல்லாம் ஏற்று வாழ்ந்த சட்டத்தைத் தமக்குத் துன்பம் நேர்ந்தபோது மீறுவது முறையன்று என மறுத்த சாக்ரடீஸ், குறித்த நாளில் நஞ்சினைக் கலங்காது பருகினார். உடல் குளிர்ந்துவருகையில், மருத்துவக் கடவுளான அஸ்கிலிபியஸுக்குத் தாம் ஒரு சேவல் கடன்பட்டிருப்பதை நினைவூட்டி, மறவாது செலுத்துமாறு கிரிட்டோவைப் பணித்தார். வேறேதும் வேண்டுமா என்று கிரிட்டோ கேட்டபோது மறுமொழி வரவில்லை.