முட்டை குறைவு என்றால் ஐவிஎஃப் கைகொடுக்குமா? 1978-லேயே வழிகாட்டிய இந்திய டாக்டரின் கதை

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, குழந்தையின்மை சிகிச்சைக்காகத் திருச்சி தில்லைநகர் வரும் தம்பதிகளைக் கலங்க வைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை ஏஎம்ஹெச். அளவு குறைவு, ஊசி போட்டாலும் முட்டை அதிகம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு. அவர்களுக்கு இன்று கைகொடுக்கும் இரண்டு வழிகளை 1978-லேயே செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

யார் இவர்?

1931 ஜனவரி 16-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்தார். 1958-ல் ஒரு டாக்டர் பட்டம், 1967-ல் எடின்பரோவில் இன்னொன்று. ஊர் திரும்பி, அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டே ஹார்மோன் ஆராய்ச்சி செய்தார்.

என்ன செய்தார்?

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அந்த டாக்டர்கள் நம்பியது, இயற்கையாக மாதம் ஒன்று வளரும் முட்டையை. சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே மாதத்தில் பல முட்டைகளை வளர்த்தார்.

அடுத்தது இன்னும் துணிச்சலானது. சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் சேர்ந்து கருவை 53 நாள் உறைய வைத்தார். ஊசியின் தாக்கம் இல்லாத வேறொரு மாதத்தில் அதைக் கருப்பையில் வைத்தார். அக்டோபர் 3-ல் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உறைந்த கருவில் கர்ப்பம் என்று ஆஸ்திரேலியாவில் அறிவித்ததே 1983-ல்தான்.

பரிசு என்ன கிடைத்தது?

மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு போட்டது. அதில் ஐவிஎஃப் செய்து பார்த்தவர் யாருமே இல்லை. அவர் சொன்னதைக் குழு ஏற்கவில்லை. ஜப்பான் சென்று ஆய்வை விளக்கவும் அனுமதி தரவில்லை. கடைசியில், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல், 50 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-ல் மும்பையில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று பதிவானது. அதற்குக் காரணமான விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி.ஆனந்த் குமார், பின்னாளில் சுபாஷின் குறிப்புகளைப் படித்தார். அந்தப் பெருமை சுபாஷுக்கே சேரும் என்று 1997-ல் வெளிப்படையாக எழுதினார். தனக்குக் கிடைத்த பெயரைத் தானே விட்டுக்கொடுத்தார்.

இன்று என்ன பயன்?

2011-ல் வகுத்த போலோக்னா வரையறைப்படி, மூன்றில் இரண்டு இருந்தால் சினைப்பையின் செயல்பாடு குறைவு: வயது 40 அல்லது அதற்கு மேல், முந்தைய சிகிச்சையில் 3 அல்லது அதற்கும் குறைவான முட்டை, ஏஎம்ஹெச் அல்லது ஸ்கேன் கணக்கு குறைவு. மரபணுக் கோளாறு, சினைப்பை அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் வயது வரம்பு பொருந்தாது.

ஊசி புதிதாக முட்டையை உருவாக்காது. அந்த மாதம் தயாராக இருப்பதைத்தான் வளர்க்கும். அதனால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. மாறாக, ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இரண்டு என்று கருக்களை உறைய வைத்துச் சேர்ப்பது சிலருக்கு உதவும். சுபாஷின் இரண்டாவது வழி இங்கேதான் கைகொடுக்கிறது.

ஆனால் வயதை எந்த ஃப்ரீசரும் குறைக்காது. ஏஎம்ஹெச் சொல்வது முட்டையின் எண்ணிக்கையை. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. ஏஎம்ஹெச் குறைவாக உள்ள 30 வயதுப் பெண்ணுக்கு, அதே அளவுள்ள 42 வயதுப் பெண்ணைவிட வாய்ப்பு நன்றாகவே இருக்கும். எனவே ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்து போக வேண்டாம்; தள்ளிப்போடவும் வேண்டாம். என் வயதுக்கு வாய்ப்பு எவ்வளவு, கருவைச் சேர்த்து வைப்பது எனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணை அழைத்துப் பேசலாம்.)