ஹெல்முட் தீலிக்கே

ஹெல்முட் தீலிக்கே (டிசம்பர் 4, 1908 - மார்ச் 1986) ஜெர்மனியைச் சேர்ந்த லூத்தரன் இறையியலாளரும் அறவியல் பேராசிரியரும் ஆவார்.

வாழ்க்கை

இவர் இன்றைய வூப்பர்டால் நகரின் பகுதியான பார்மனில் பிறந்தார். மாணவப் பருவத்தில் தைராய்டு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து கடும் நோயுற்று, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். 1936 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். நாட்சி ஆட்சியை விமர்சித்ததால் 1940 இல் பதவி நீக்கப்பட்டார். பேராயர் தியோபில் வுர்மின் உதவியால் ராவென்ஸ்பர்க்கில் போதகரானார். 1942 முதல் ஸ்டுட்கார்ட்டில் திருச்சபைப் பணியாற்றினார். வெளியூர்களில் பேச அவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

1944 இல் அவர் பரமண்டல ஜெபத்தைப் பற்றித் தொடர் பிரசங்கங்கள் செய்து வந்த தேவாலயம் குண்டுவீச்சில் அழிந்தது. அவர் வேறு இடங்களில் அத்தொடரை நிறைவு செய்தார். இப்பிரசங்கங்கள் பின்னர் நூலாக வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன.

போருக்குப் பின் 1945 இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1954 இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் புதிய இறையியல் துறைக்குச் சென்று அதன் முதல் தலைவரானார். அந்நகரின் புனித மிக்கேல் தேவாலயத்தில் அவரது பிரசங்கங்களைக் கேட்கப் பெருந்திரளானோர் கூடினர்.

அறவியல் கருத்துகள்

இவரது முதன்மைப் படைப்பான "இறையியல் அறவியல்" நூலின் முதல் தொகுதி 1951 இல் வெளியானது. கொடுங்கோல் ஆட்சி போன்ற எல்லைநிலைச் சூழல்களுக்கு அதில் முக்கிய இடமுண்டு. துன்புறுத்தப்படுபவரைக் காக்கப் பொய் சொல்ல நேரும்போது, எந்த வழியைத் தேர்ந்தாலும் மனிதன் குற்றத்திலிருந்து முற்றிலும் தப்ப இயலாது என்பது அவர் கருத்து. அதற்காகச் செயலற்று இருப்பதும் தீர்வாகாது. கடவுளின் மன்னிப்பை நம்பிப் பொறுப்புடன் முடிவெடுக்க வேண்டும் என்றார்.

தன்வரலாற்றை 1984 இல் வெளியிட்ட தீலிக்கே, ஹாம்பர்க்கில் காலமானார்.