தம் கையையே ஆய்வுக்களமாக்கிய மருத்துவர்

சுடுகலத்தில் விரல் பட்டதும் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொள்கிறோம். கன்னத்தை வருடும் மென்காற்றையும் உணர்கிறோம். வலி, வெப்பம், தொடுதல் ஆகிய மூன்றும் ஒரே தோலின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. எனினும், மூளை அவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காணத் தம் கையையே ஒப்படைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட்.

இவர் 1861ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இலண்டன் மருத்துவமனையில் பணியாற்றினார். நரம்பு காயமுற்ற நோயாளிகள் பலரை அங்கு ஆராய்ந்தார். ஆனால், துன்புறுவோரிடம் மணிக்கணக்கில் வினாக்கள் தொடுத்தல் இயலாது. நுட்பமான உணர்வுகளைச் சொற்களால் விளக்குவதும் அவர்களுக்கு எளிதன்று. எனவே, தாமே ஆய்வுப் பொருளாவதென ஹெட் துணிந்தார்.

1903 ஏப்ரல் 25 அன்று அவரது இடக்கையில், முழங்கைக்கு அருகே, தோலுக்குச் செல்லும் நரம்பு அறுக்கப்பட்டது. பின் அதன் முனைகள் பட்டு நூலால் இணைக்கப்பட்டன. இழந்த உணர்வு முழுமையாகத் திரும்பும் என்னும் உறுதி ஏதும் இல்லை.

அவருடைய நண்பர் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் சோதனைகளை நடத்தினார். இவர் முன்னரே நீலகிரிக்கு வந்து, தோடர் இன மக்களின் வாழ்வை ஆராய்ந்தவர். ஓய்வு கிடைத்த போதெல்லாம் ஹெட் அவரிடம் சென்றார். ஹெட் கண்களை மூடியிருக்க, ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, குளிர்ந்த பொருள், சூடான பொருள் ஆகியவற்றால் புறங்கையைத் தொடுவார். ஹெட் தாம் உணர்ந்ததைக் கூறுவார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இப்பணி நீடித்தது.

தொடக்கத்தில் கட்டைவிரல் பக்கத்துப் புறங்கையில் பஞ்சும் ஊசியும் உணரப்படவில்லை. அழுத்தினால் மட்டும் தெரிந்தது. சில வாரங்கள் கழித்து வலியுணர்வு முதலில் திரும்பியது. அதன்பின் கடுங்குளிரும் கடுஞ்சூடும் புலப்பட்டன. ஆயினும், குத்திய இடம் எதுவெனத் தெளிவாகத் தெரியாமல் வலி பரவியது. மெல்லிய தொடுதலை உணரும் ஆற்றல் நெடுங்காலம் கழித்தே மீண்டது. ஆகவே, தோலுணர்வுகள் இருவகை நரம்பு அமைப்புகளின் வழியே செல்கின்றன என்று ஹெட் கருதினார். 1908இல் முடிவுகள் வெளியாயின.

பின்வந்த அறிஞர் சிலர் தம் நரம்புகளையும் அறுத்துச் சோதித்தனர். ஹெட்டின் பகுப்பை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. எனினும், வெவ்வேறு உணர்வுகளை வெவ்வேறு நரம்பிழைகள் சுமக்கின்றன என்பது இன்று உறுதியாகியுள்ளது. தொடுதலைத் தடித்த இழைகள் விரைந்து கடத்துகின்றன. வலியையும் வெப்பநிலையையும் மெல்லிய இழைகள் மெதுவாகக் கடத்துகின்றன. கால்விரல் கல்லில் இடித்தால், இடித்தது முதலிலும் ஆழ்ந்த வலி சற்றுப் பின்னும் தெரிவது இதனால்தான்.

ஹெட் கவிதைகளும் இயற்றியவர். 1927இல் சர் பட்டம் பெற்றார். நரம்புகளை ஆராய்ந்த அவரையே முதுமையில் பார்கின்சன் என்னும் நரம்பு நோய் வாட்டியது. 1940இல் மறைந்தார். பிறர் நோயை அறிவதற்குத் தம் உடலில் வலியை ஏற்ற அவரது துணிவு நினைக்கத்தக்கது.

சிந்தித்து விடை எழுதுக:
1. ஹெட் தம்மையே ஆய்வுக்கு உட்படுத்தியது ஏன்?
2. அவரது கையில் உணர்வுகள் எந்த வரிசையில் திரும்பின?
3. வலியே உணராத ஒருவர்க்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை?