கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனி

மாணவச் செல்வங்களே! ஒரு வகுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால், ஒருவர் சொல்வதும் மற்றவர் காதில் தெளிவாக விழாது. முறை வைத்துப் பேசினால் எல்லாரும் பேசலாம், எல்லாரும் கேட்கலாம். வான்வெளியில் செல்லும் செய்திகளுக்கும் இவ்விதி பொருந்தும். உலகம் இதனைக் கற்றுக்கொண்ட வரலாறு, குலியெல்மோ மார்க்கோனி என்னும் அறிஞரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது.

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தையார் இத்தாலிய நிலக்கிழார். தாயார் அயர்லாந்து நாட்டவர். மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். எனினும், மின்காந்த அலைகளைப் பற்றி ஹெர்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் நிகழ்த்திய ஆய்வுகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வீட்டின் மாடியறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு இரவு பகலாக உழைத்தார். 1895ஆம் ஆண்டில் அவர் அனுப்பிய குறி ஒரு குன்றையும் கடந்து அப்பால் சென்று சேர்ந்தது. அங்கே காத்திருந்த தமையனார் துப்பாக்கியை வெடித்து அவ்வெற்றியை அறிவித்தார்.

1896ஆம் ஆண்டில் மார்க்கோனி இங்கிலாந்துக்குச் சென்று தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரினார். மறு ஆண்டு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். 1899ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து செய்தி சென்றது.

ஆனால், இடர் ஒன்றும் உடன் வளர்ந்தது. அக்காலக் கருவிகள் மின்பொறியினால் அலைகளை எழுப்பின. அவ்வலைகள் ஓர் அளவில் நில்லாமல் பரந்து சிதறின. இரண்டு நிலையங்கள் ஒரே வேளையில் செய்தி அனுப்பினால் இரண்டும் கலந்து குழம்பின. இதற்கு என்ன வழி? ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால்தான் அது உயர்ந்து ஆடும். அதுபோல, அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அலைநீளத்திற்கு இசைத்துவிட்டால், பிற அலைகள் பெரிதும் விலகிவிடும். இவ்வழியில் ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் முன்பே முயன்றிருந்தார். மார்க்கோனி அதனை மேலும் செம்மைப்படுத்தி, 1900ஆம் ஆண்டில் 7777 என்னும் எண்ணுடைய புகழ்பெற்ற காப்புரிமையைப் பெற்றார். ஒரே வான்வெளியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வழி அதனால் விரிந்தது.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் போல்டு என்னும் ஊரிலிருந்து புறப்பட்ட 'எஸ்' என்ற எழுத்துக்குரிய மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். 1909ஆம் ஆண்டில் பிரௌன் என்பவரோடு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புகழோடு ஒரு குறையும் இருந்தது. பிற நிறுவனங்களின் கருவிகளோடு செய்தி பரிமாறுவதை மார்க்கோனியின் நிறுவனம் மறுத்துவந்தது. வான்வெளி ஒருவர்க்கு மட்டும் உரியதாகுமா? 1906ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பல நாடுகள் கூடின. கப்பலும் கரைநிலையமும் எக்கருவியாயினும் வேற்றுமை பாராது செய்தி பரிமாற வேண்டும் என விதித்தன. பொது அலைநீளங்களையும் வரையறுத்தன.

ஆயினும், விதிகள் போதவில்லை என்பதை 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு காட்டியது. 'டைட்டானிக்' கப்பலில் மார்க்கோனி நிறுவனத்துப் பணியாளர், தொலைவிலிருந்த கரைநிலையத்தோடு பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது அருகிலிருந்த 'கலிபோர்னியன்' என்னும் கப்பல், பனிக்கட்டிகள் சூழ்ந்துள்ளதை அறிவிக்க முனைந்தது. அருகிலிருந்து வந்த பேரோசை, கரையின் மெல்லிய குறிகளை அமிழ்த்திவிட்டது. குறுக்கிட வேண்டா என அப்பணியாளர் தடுத்துவிட்டார். கலிபோர்னியனில் இருந்த ஒரே தந்திப் பணியாளரும் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் டைட்டானிக் பனிமலையில் மோதியது. அதன் அபயக் குரலை மிக அருகிலிருந்த அக்கப்பல் கேட்கவில்லை. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொலைவில் அக்குரலைக் கேட்டு விரைந்த 'கார்ப்பேத்தியா' கப்பல், ஏறக்குறைய 700 பேரைக் காத்தது. அவர்களைக் காத்ததும் மார்க்கோனியின் கருவியே.

இத்துயரத்திற்குப் பின் விதிகள் வலுப்பெற்றன. கப்பல்களில் இரவும் பகலும் செவிமடுக்கும் காவல் வேண்டும் என 1914ஆம் ஆண்டின் உடன்படிக்கை கூறியது. பின்னாளில், கடல் அபாயத்திற்குரிய அலைவரிசையில் ஒவ்வொரு மணி நேரத்திலும் இருமுறை, மும்மூன்று நிமிடம் அனைவரும் மௌனம் காத்தனர். நலிந்த குரல் ஏதேனும் இருப்பின் அது கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மார்க்கோனி 1937ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ரோம் நகரில் மறைந்தார். அவருக்கு அஞ்சலியாக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி மௌனம் காத்தன.

இன்று நம் கைத்தொலைபேசிகளும் அதே வான்வெளியைத்தான் பகிர்கின்றன. அலைவரிசைகளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தும், நொடியை நுண்ணிய கூறுகளாக்கி முறை வைத்தும், பிறர் அனுப்புகிறாரா எனச் செவிமடுத்துப் பின் அனுப்பியும் கோடிக்கணக்கான கருவிகள் இயங்குகின்றன. உயிரற்ற கருவிகளே பொறுத்திருந்து பேசும்போது, நாம் பொறுத்திருந்து பேசலாகாதா? மாணவர்களே, பொதுவானதைப் பங்கிட்டு வாழுங்கள். பேசுமுன் பிறர் குரலுக்குச் செவிகொடுங்கள்!