சுரங்கச் சிறுவன் பந்தாட்ட மன்னன் ஆனான்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்னெகி என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே ஒரு சிறுவன் 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். தந்தையோடு சுரங்கத்தில் இறங்கிக் கரி அள்ளினான்.

அவன்தான் ஹோனஸ் வாக்னர். பிறந்தது 1874-ல். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஓய்வு கிடைத்தால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து 'பேஸ்பால்' ஆடுவார்கள். கிரிக்கெட்டைப்போல இதிலும் பந்தும் மட்டையும் உண்டு. ஆனால் மட்டை உருண்டையாக இருக்கும். பந்தை அடித்தவர் 4 தளங்களைச் சுற்றி ஓடி வரவேண்டும்.

1895-ல் அண்ணன் ஆல்பர்ட் சம்பளத்துக்கு ஆடிய கோஷ்டிக்கு ஆள் தேவைப்பட்டது. அண்ணன் தம்பியைக் கைகாட்டினார். கரி அள்ளிய கை பந்து பிடிக்கப் போயிற்று.

1900-ல் வாக்னர் பிட்ஸ்பர்க் கோஷ்டியில் சேர்ந்தார். 2-வது தளத்துக்கும் 3-வது தளத்துக்கும் நடுவே நின்று பந்தை மறிப்பது அவர் வேலை. வளைந்த கால், முறம் போன்ற கை! தரையில் உருண்டு வரும் பந்தைக் கூழாங்கல்லோடு சேர்த்து அள்ளி எறிவார் என்று சொல்வார்கள்.

தலைகுனிவு

1903-ல் முதலாவது 'உலகத் தொடர்' நடந்தது. பாஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் மோதின. முதல் 4 ஆட்டங்களில் பிட்ஸ்பர்க்குக்கு 3 வெற்றி. இனி என்ன, கோப்பை நமக்குத்தான் என்று ஊரே நினைத்தது.

அடுத்த 4 ஆட்டங்களிலும் தோல்வி! வாக்னர் 27 வாய்ப்புகளில் 6 முறைதான் சரியாக அடித்தார். 6 தவறுகள் செய்து கோட்டை விட்டார். கடைசி ஆட்டத்தில் கடைசியாக வீழ்ந்தவரும் அவரே. நெருக்கடியில் நடுங்குகிறவர் என்ற பழி ஒட்டிக்கொண்டது.

அந்தப் பழியைச் சுமந்துகொண்டே அவர் ஆடினார். மட்டை அடியில் மீண்டும் மீண்டும் முதல் இடம் பெற்றார். ஆனால் உலகத் தொடரில் ஆட இன்னொரு வாய்ப்பு வரவில்லை. 6 வருடம் காத்திருந்தார்.

இளம் புலியுடன் மோதல்

1909-ல் வாய்ப்பு வந்தது. எதிரே டெட்ராய்ட் கோஷ்டி. அதன் நட்சத்திரம் டை காப், 22 வயது முரட்டுக் காளை. வாக்னருக்கோ 35 வயது.

காப் 26 வாய்ப்புகளில் 6 முறை அடித்தார். வாக்னர் 24-ல் 8! பந்து வீசப்படும் நேரத்தில் பாய்ந்து அடுத்த தளத்தைப் பிடிப்பதை 'தளம் திருடுதல்' என்பார்கள். காப் 2 தளம் திருடினார். 'கிழவர்' 6 தளம் திருடினார். ஏழாவது ஆட்டத்தில் 8-0 என்று பிட்ஸ்பர்க் வென்றது.

அதே சமயத்தில் ஒரு சிகரெட் கம்பெனி ஆட்டக்காரர்களின் படங்களைப் பெட்டிக்குள் வைத்து விற்றது. வாக்னர் தன் படத்தைப் போடச் சம்மதிக்கவில்லை. சம்மதம் வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக நிருபர் ஒருவரிடம் கம்பெனி சொல்லியிருந்தது. அவர் நஷ்டப்படக் கூடாதென்று வாக்னரே 10 டாலர் செக் அனுப்பினார்! அதற்குள் வெளியாகிவிட்ட சில படங்களில் ஒன்று 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று.

1917-ல் வாக்னர் ஓய்வு பெற்றார். 8 முறை மட்டை அடியில் முதல்வர். பிறகு அவர் நடத்திய விளையாட்டுச் சாமான் கடை நொடித்தது. 1933-ல் பழைய கோஷ்டியே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 1951 வரை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1955 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அதே டிசம்பர் 6-ந் தேதி, சிறுவயதில் கரி அள்ளிய கார்னெகியில், 81-வது வயதில் காலமானார்.